மெத்தென்ற டயர்

லிஃப்ட்காரர் என்றால்தான் அந்தத் தெருவில் தெரியும். பெயர் சொல்லிக் கேட்டால் எதிர்வீட்டுக்காரரே கொஞ்சம் தலையைச் சொறிவார். நகரத்தின் உயரமான கட்டடங்களில் பாதிக்கு மேல் அவர் ஏறி இறங்கியவை. ஆனால் ஒரு வீட்டுக்குள்ளும் அவர் போனதில்லை. மொட்டை மாடியில் மோட்டார் அறை, அடியில் எண்ணெய் நாறும் குழி, இரண்டுக்கும் நடுவே தொங்கும் கம்பி வடம், இவ்வளவுதான் அவர் பார்த்த கட்டடம். வேலையில் அவருக்கு ஒரு பிடிவாதம் இருந்தது. லிஃப்ட் கிளம்பியதும் தெரியக் கூடாது, நின்றதும் தெரியக் கூடாது. பழுது பார்த்து முடித்ததும் ஒரு டம்ளரில் விளிம்பு வரை தண்ணீர் ஊற்றி எடுத்துக்கொண்டு உள்ளே நிற்பார். மேலே போய்க் கீழே வருவார். ஒரு சொட்டு சிந்தினாலும் மறுபடி கருவிப்பெட்டியைத் திறந்துவிடுவார்.

அப்பேர்ப்பட்டவர் குடியிருந்தது லிஃப்ட் இல்லாத கட்டடத்தின் இரண்டாம் மாடியில். "ஊருக்கெல்லாம் லிஃப்ட் விடுறீங்க, கட்டின பொண்டாட்டிய மட்டும் படியேற விடுறீங்க" என்று அவர் மனைவி கல்யாணமான புதிதில் தொடங்கிய கேலியைக் கடைசி வரை விடவில்லை. அவள் சட்டை தைக்கும் இடத்தில் வேலை பார்த்தாள். ஒருத்தி கை தைப்பாள், ஒருத்தி பை தைப்பாள், இவள் காலர். காலர் அக்கா என்றே அங்கே பெயர். பேருந்தில் முன்னால் நிற்பவன் கழுத்தைப் பார்த்தே, "இது எங்க கடைத் தையல் இல்ல, முனை மூக்கு சப்பையா இருக்கு" என்று கணவர் காதில் சொல்லிச் சிரிப்பாள். பிள்ளைகள் இல்லை. அதைப் பற்றிய பேச்சு எப்போதோ ஓய்ந்துவிட்டது. அவளுக்கு ஒரு தங்கை இருந்தாள், நாலு தெரு தள்ளி, கணவனும் பிள்ளைகளுமாக.

முதுகுவலி வந்தபோது மெஷினில் குனிந்து குனிந்து வந்த வலி என்றே எல்லோரும் நினைத்தார்கள். தைலம் தேய்த்தார்கள், தலையணையை மாற்றினார்கள், பலகையில் படுக்கச் சொன்னார்கள். ஒருநாள் குடத்தைத் தூக்கியவள் அப்படியே உட்கார்ந்து எழ முடியாமல் போனபோதுதான் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். நோய் வேறெங்கோ தொடங்கி, சத்தமில்லாமல் எலும்புக்குள் குடியேறி இருந்தது. படத்தை விளக்கில் மாட்டிக் காட்டிய டாக்டர், "முதுகெலும்பு சல்லடை மாதிரி ஆயிடுச்சு. மருந்து ஏத்தணும், வாராவாரம் வரணும். அதிராமப் பாத்துக்கங்க" என்றார்.

அதிராமல் என்ற சொல் லிஃப்ட்காரருக்குப் புரிந்தது. அன்று அந்த அறையில் பேசிய மற்ற எதுவும் அவர் மண்டையில் ஏறவில்லை.

ஆஸ்பத்திரி நகரத்தின் மறுகோடியில் இருந்தது. முதலில் ஆட்டோவில் கூட்டிப்போனார். மூன்று சக்கரத்தில் ஏதாவது ஒன்று எப்போதும் பள்ளத்தில் இருந்தது. ஒவ்வொரு குலுக்கலுக்கும் அவள் உதட்டைக் கடித்ததில் இறங்கும்போது உதட்டில் ரத்தம். அடுத்து வாடகைக் கார். ஆசனம் தாழ்வு, உள்ளே உட்கார முதுகை மடக்க வேண்டும், எழ மறுபடி மடக்க வேண்டும். காருக்கு வெளியே அவள் நிமிர்ந்து நிற்பதற்குள் பின்னால் நின்ற வண்டிகள் எல்லாம் ஹாரன் அடித்துத் தீர்த்துவிட்டன. கடைசியில் அவளே சொன்னாள்.

"நம்ம வண்டியிலயே போலாங்க. கடைசிப் படியில நின்னா சீட்டு சரியா இடுப்புக்கு வரும். குனிய வேண்டாம். உங்களைப் பிடிச்சுக்குவேன். பள்ளத்துக்கு நடுவுல நீங்க நூல் கோத்த மாதிரி ஓட்டுவீங்க."

டாக்டரிடம் கேட்டபோது அவர் முகத்தைச் சுளித்தார். பிறகு, "வலி எதுல கம்மியோ அதுலயே வாங்க" என்றார்.

வண்டி பழைய மோட்டார் சைக்கிள். கல்யாணத்துக்கு முன்பே அவரிடம் இருந்தது. அகலமான ஒற்றை ஆசனம், கம்பி போட்ட சக்கரம், கனத்த இரும்பு. எஞ்சின் இன்னும் கிண்ணென்று இருந்தது. டயர்கள்தான் கிழடு தட்டிப் போயிருந்தன. பக்கவாட்டில் வறண்ட வயல் போல வெடிப்பு. நகத்தால் அழுத்தினாலும் இறங்கவில்லை, கல்லாக இருந்தது. முதல்நாள் அதில் போய்த் திரும்பியபோது அவள், "ஆட்டோவுக்கு இது எவ்வளவோ மேல்" என்றுதான் சொன்னாள். ஆனால் இரவு சாப்பாட்டில் பாதியை வைத்துவிட்டுச் சுவரைப் பிடித்தபடியே போய்ப் படுத்துக்கொண்டாள். மறுநாளிலிருந்து லிஃப்ட்காரருக்கு வேறு நினைப்பே இல்லை. மெத்தென்று ஒரு டயர் வேண்டும்.

அவர் செய்வதற்கு வேறு என்ன இருந்தது? மருந்தைத் தேர்ந்தெடுப்பவர் டாக்டர். அளவைச் சொல்பவர் டாக்டர். ஊசியைக் குத்துபவள் நர்ஸ். எந்தக் கட்டில் என்று சொல்பவன்கூட வார்டு ஆள்தான். நாற்காலியில் கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருப்பது ஒன்றுதான் அவர் பங்கு. டயர் அவர் கையில் இருந்தது.

வேலை முடிந்ததும் கடை கடையாக ஏறினார். முதல் கடை கண்ணாடி போட்ட கடை. அங்கிருந்தவன் டியூப் இல்லாத புது டயர் ஒன்றைத் தட்டிக் காட்டி, "இதான் இப்ப எல்லாரும் போடறாங்க" என்றான்.

"கம்பி போட்ட ரிம்முக்கு டியூப் இல்லாம எப்படிங்க? கம்பி ஓட்டை வழியாக் காத்து போயிடுமே."

"அப்போ வண்டிய மாத்திடுங்க சார்" என்றான் அவன், நல்ல மனதோடுதான்.

இரண்டாவது கடையில் அளவு கிடைத்தது. கருகருவென்று பளபளத்தது. லிஃப்ட்காரர் பக்கவாட்டில் தடவித் தேடி, தயாரித்த வாரமும் வருடமும் பொறித்திருக்கும் எண்ணைக் கண்டுபிடித்தார். பல வருடம் கடையிலேயே கிடந்த சரக்கு. எண்ணெய் பூசி மினுக்கியிருந்தார்கள். நகத்தை வைத்துப் பார்த்தார். பழைய டயருக்கும் இதற்கும் வித்தியாசமே இல்லை. இன்னொரு கடையில் டயர் புதிது, ஆனால் மூட்டை ஏற்றும் வண்டிக்கானது; சுவர் தடிப்பு, வளையவே இல்லை. ஒவ்வொரு கடைக்கதையையும் வீட்டுக்கு வந்து அவளிடம் சொல்வார். அவள் படுத்தபடியே கேட்பாள்.

"ஒரு டயருக்கு நீங்க ஏறின கடையில பாதி எங்கப்பா ஏறியிருந்தா, எனக்கு வேற மாப்பிள்ளை கெடச்சிருப்பாரு."

"வேற மாப்பிள்ளை ட்யூப்லெஸ்ஸா இருந்திருப்பான். பரவாயில்லையா?"

அவள் சிரிக்கத் தொடங்கி, சிரிப்பு முதுகில் போய்க் குத்த, கண்ணை மூடிக்கொண்டாள். அதன்பிறகு அவர் அவளிடம் வேடிக்கையாகப் பேசுவதைக்கூடக் குறைத்துக்கொண்டார்.

கடைசியாகப் போனது சந்தைக்குப் பின்னால் இருந்த ஒரு நெருக்கடியான கடை. ஒரு நடுவயது அம்மாள் நடத்தினாள். அவள் தம்பி வாசலில் சக்கரம் கழற்றிக்கொண்டிருந்தான். கூரையிலிருந்து டயர்கள் வளையம் வளையமாகத் தொங்கின.

"மூட்டை ஏத்துவீங்களா, ஆள் ஏத்துவீங்களா?" என்று கேட்டாள் கடைக்காரம்மா.

"ஆள்தாம்மா. ஒரே ஆள்."

"வெயிட்டான ஆளா?"

"இல்லம்மா. எடையே இல்ல."

அவள் அவரை ஒருமுறை பார்த்தாள். தம்பியைக் கூப்பிட்டு உட்புறத்திலிருந்து ஒரு டயரை எடுத்து வரச் சொன்னாள். லிஃப்ட்காரர் விரலால் அழுத்தினார். நகம் இறங்கி, மெதுவாக மேலே வந்தது. சுவரை இரு கையாலும் அமுக்கினார்; நன்றாக வளைந்தது. எண்ணைப் பார்த்தார், இந்த வருடம்.

"இது மெத்துனு போகும். ஆனா ரப்பரு எளசு, சீக்கிரம் தேஞ்சிடும். ரெண்டு வருஷம் தாண்டாது, இப்பவே சொல்லிட்டேன்" என்றாள்.

"அது போதும்" என்றார் லிஃப்ட்காரர். சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவர் காதில் விழுந்தது.

டியூபுக்கும் அவள் இரண்டு வகை காட்டினாள். ஒன்று காற்றை மாதக்கணக்கில் பிடித்து வைக்கும். ஆனால் ஆணி ஏறினால் பட்டென்று போய்விடும். மற்றது நாள்பட நாள்படக் காற்றை விடும், அடிக்கடி பார்த்து அடைக்க வேண்டும். ஆனால் ஆணி ஏறினாலும் மெல்லத்தான் இறங்கும், ஆளை விழத் தள்ளாது. லிஃப்ட்காரர் இரண்டாவதை எடுத்தார். தம்பி டியூபுக்குப் பவுடர் தடவி, மடிப்பு விழாமல் உள்ளே செலுத்தி, ஒவ்வொரு சக்கரமாகப் பூட்டுவதைப் பக்கத்திலேயே குந்தி உட்கார்ந்து பார்த்தார். கிளம்பும்போது கடைக்காரம்மா சொன்னாள்:

"பின்னாடி ஆள் ஏத்தினா காத்து முப்பதுக்குக் கீழ எறங்கக் கூடாது. எறங்கினா ரிம்முல டயரு வழுக்கும், டியூப்பையும் இழுத்துட்டுப் போகும். வால்வு அடியோட கிழிஞ்சிடும்."

"தெரியும்மா" என்றார். நிஜமாகவே அவருக்குத் தெரியும்.

அடுத்த ஆஸ்பத்திரி நாளில் அவள் கடைசிப் படியில் நின்று, இரண்டு பக்கமும் கால் போட்டு உட்கார்ந்து, அவர் வயிற்றைச் சுற்றிக் கைகோத்துக்கொண்டாள். சாலையில் போகும்போது அவர் தோளுக்கு மேல் திரும்பித் திரும்பிக் கேட்டார்.

"எப்படி இருக்கு?"

"முன்னாடி பாருங்க."

"அதில்ல, எப்படி இருக்கு?"

"நல்லா இருக்குங்க" என்றாள். ஆனால் ஒரு வேகத்தடையில் அவளிடமிருந்து வந்த ஒலி அவர் முதுகில் பட்டது. அது சொல்லாக இல்லை, மூச்சாகவும் இல்லை.

அதற்கு அடுத்த வாரம், அவளைப் படியிறக்கி வருவதற்கு முன் அவர் மட்டும் கீழே வந்தார். பின்சக்கரத்தின் அருகே குந்தினார். தீக்குச்சியால் வால்வின் ஊசியை அழுத்தினார். உஸ்ஸென்று கொஞ்சம் காற்று போனது. கொஞ்சம்தான். அன்று திரும்பி வந்து படியில் கால் வைத்தபோது அவள், "இன்னைக்குத் தேவலைங்க" என்றாள்.

தேவலை. எத்தனையோ மாதமாக அந்த வீட்டில் யாரும் சொல்லாத சொல். டாக்டர் சொன்னதில்லை, நர்ஸ் சொன்னதில்லை, எந்த மாத்திரையும் அவள் வாயிலிருந்து அதை வரவழைத்ததில்லை. லிஃப்ட்காரர் அன்று மொட்டை மாடிக்குப் போய்த் தனியாக நின்று அழுதார். அடுத்த வாரம் இன்னும் கொஞ்சம் குறைத்தார். அதற்கடுத்த வாரமும். டியூபே நாளுக்கு நாள் காற்றை விடுகிற வகை. மறுபடி காற்று அடைப்பதையும் தள்ளிப்போட்டார். வால்வு லேசாகச் சாய்ந்திருப்பது ஒருநாள் கண்ணில் பட்டது. நாளைக்குப் பார்க்கலாம் என்று விட்டுவிட்டார். லிஃப்ட் வடத்தில் ஒரு இழை அறுந்திருந்தாலும் கட்டடத்தையே நிறுத்திவைக்கும் மனிதர்.

மருந்து ஏற்றித் திரும்பும் வழியில், பாலத்தின் இறக்கத்தில் அது நடந்தது. முன்னால் போன வண்டி நிற்க, இவர் பிரேக்கை மிதித்தார். பின்னால் ஒரு சீறல். வண்டியின் இடுப்பு ஒடிந்த மாதிரி பின்பக்கம் ஆடியது. மெல்ல இறங்கும் என்று பார்த்துப் பார்த்து எடுத்த டியூபில் ஒரு மூச்சுக்குள் காற்றே இல்லை. அவர் இரண்டு காலையும் ஊன்றி வண்டியை விழவிடாமல் பிடித்துவிட்டார். விழவில்லை. ஆனால் நிற்பதற்கு முன் வெறும் இரும்பு ரிம் ஒரு பள்ளத்தின் விளிம்பில் ஏறி இறங்கியது.

"ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல. பஞ்சர்தான்" என்றார் அவர்.

கோத்திருந்த அவள் கை இறுகியது.

"என்னங்க" என்றாள், மிகவும் நிதானமாக. "என் காலு எங்க இருக்குன்னு தெரியலங்க."

அவர் குனிந்து பார்த்தார். கால் இருந்த இடத்தில்தான் இருந்தது. செருப்பு கழன்று சாலையில் கிடந்தது. அது கழன்றது அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை.

ரொட்டி கொண்டுபோகும் வேன் ஒன்று நின்றது. தட்டுகளை ஒதுக்கிவிட்டுத் தரையில் அவளைப் படுக்கவைத்தார்கள். மறுபடி அதே ஆஸ்பத்திரி, அதே விளக்கில் வேறு படம். டாக்டர் லிஃப்ட்காரரின் தோளில் கை வைத்தார். "எலும்பு நொறுங்கி நரம்பை அழுத்துது. ஆபரேஷன் தாங்க மாட்டாங்க. உங்க மேல பழி போட்டுக்காதீங்க. இருந்த நிலைமைக்குத் தும்மியிருந்தாக்கூட இது நடந்திருக்கும்."

அந்த வார்த்தையை அவர் சில நாள் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தார். தும்மியிருந்தாலும் நடந்திருக்கும். மோட்டார் அறையில், குழிக்குள், பேருந்தில் நின்றபடி சொல்லிச் சொல்லிப் பார்த்தார். ஆனால் அவள் தும்மவில்லையே.

ஸ்ட்ரெச்சர் அவர்கள் கட்டடத்தின் படிக்கட்டில் திரும்பாது. தங்கை வீடு தரைத்தளம். முன்னறையிலேயே கட்டில் போட்டாள். லிஃப்ட்காரர் தினமும் வேலை முடிந்து அங்கே போனார். அந்த வீட்டில் விருந்தாளியைப் போல நாற்காலி நுனியில் உட்கார்ந்திருப்பார். துடைப்பதும் புரட்டுவதும் தங்கையே செய்தாள்; அந்த நேரத்தில் இவரை வெளியே நிற்கச் சொல்வாள். முப்பது வருடம் குடும்பம் நடத்தியவர் மூடிய கதவுக்கு இந்தப் பக்கம் நின்று தெருவைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

ஒருநாள் தங்கை அவளுக்கு ஊட்டிக்கொண்டே கேட்டாள்: "டயரு, டியூபு எல்லாம் புதுசுதானே மாமா? புது டியூபு எப்படி அப்படிக் கிழியும்?"

லிஃப்ட்காரர் வாயைத் திறந்தார். அதற்குள் கட்டிலிலிருந்து குரல் வந்தது.

"நான்தாண்டி காத்தைக் கொறைக்கச் சொன்னேன். கல்லு மேல ஒக்காந்த மாதிரி இருக்குன்னு நான்தான் நச்சரிச்சேன். அவரு மாட்டேன்னுதான் சொன்னாரு."

"இல்ல..." என்றார் அவர்.

"நீங்க சும்மா இருங்க."

தங்கை இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அவர் கட்டில் பக்கம் குனிந்தார்.

"ஏன் அப்படிச் சொன்னே? உனக்கு அது தெரியவே தெரியாதே."

"தீக்குச்சி எல்லாம் சக்கரத்துப் பக்கத்துலதானே கெடந்துச்சு. படியில எறங்கும்போது பாக்க மாட்டேனா?" என்றாள். "இவ வீட்டுக்கு நீங்க தினம் வந்து போகணும். அவ வாயி உங்களுக்குத் தெரியாது."

அப்படியென்றால் பார்த்தும் ஏறி உட்கார்ந்தாள். "எம்மேல கோவமா உனக்கு?"

அவள் விட்டத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "கோவப்படவும் தெம்பு வேணும்ங்க" என்றாள். இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அதற்கும் தெம்பு வேண்டுமோ என்னவோ.

பிறகு மருந்து வேண்டாம் என்று அவளே சொல்லிவிட்டாள். சாண் ஏறினால் முழம் சறுக்கிய காலம்கூட முடிந்து, சறுக்கல் மட்டும் மிஞ்சியிருந்தது. தூக்கம் கூடியது, பேச்சு குறைந்தது. விழித்திருக்கும்போது அவர் சட்டைக் காலரை விரலால் தடவிக்கொண்டிருப்பாள், மூக்கு சரியாக இருக்கிறதா என்று பார்ப்பதைப் போல.

மழை விடாமல் பெய்த ஒருநாள், ஒரு கட்டடத்தின் லிஃப்ட் குழிக்குள் தண்ணீர் இறங்கிவிட்டது. லிஃப்ட்காரர் காலையிலிருந்து கீழேதான் நின்றார், முழங்கால் வரை தண்ணீரில். குழிக்குள் ஃபோன் எடுக்காது. மாலையில் ஏறி வந்து கையைத் துடைத்துவிட்டு ஃபோனைப் பார்த்தபோது, தங்கையின் அழைப்புகள் திரை நிறைய இருந்தன. வண்டி பாலத்தில் நின்ற நாளிலிருந்து படிக்கட்டின் அடியிலேயே கிடந்தது. பேருந்துக்கு நின்றார், வரவில்லை. நடந்தார், பிறகு ஓடினார். தங்கை வீட்டு வாசலில் செருப்புகள் நிறையக் கிடந்தன. அந்த வீட்டில் அவ்வளவு செருப்பை அவர் பார்த்ததில்லை. அவற்றுக்கு நடுவே தன் ஈரச் செருப்பைக் கழற்ற இடம் தேடிக்கொண்டு நின்றவரை யாரோ கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனார்கள்.

"மத்தியானத்துல கண்ணத் தெறந்தா மாமா. வாசலையே பாத்துட்டு இருந்தா" என்றாள் தங்கை. அவள் குற்றம் சொல்லவில்லை. நடந்ததைத்தான் சொன்னாள்.

சில வாரங்கள் கழித்துத் தங்கை ஆள் விட்டுக் கூப்பிட்டாள். அக்காவின் துணிகளைப் பிரித்து வைத்திருந்தாள்; எடுத்துப் போக வேண்டியதை எடுத்துப் போகச் சொன்னாள். முன்னறையில் கட்டில் இல்லை. பிள்ளைகளின் மேசை பழைய இடத்துக்கு வந்திருந்தது. லிஃப்ட்காரர் பையை மடியில் வைத்துக்கொண்டு, வழியெல்லாம் மனப்பாடம் செய்து வந்ததைச் சொன்னார்.

"அக்கா காத்தைக் கொறைக்கச் சொல்லலம்மா. நானேதான் கொறச்சேன். கூடாதுன்னு தெரிஞ்சேதான் கொறச்சேன்."

"தெரியும் மாமா" என்றாள் அவள். "டயர்ல எவ்வளவு காத்து இருக்கணும்னு எங்கக்காவுக்கு என்ன தெரியும்? அவ சொன்ன அன்னைக்கே தெரியும்."

அவர் காத்திருந்தார். திட்டினால் தாங்கிக்கொள்ளலாம். அழுதால் சேர்ந்து அழலாம். வாயாடி என்று பெயரெடுத்தவள். இரண்டில் ஒன்றாவது செய்வாள் என்று நம்பித்தான் வந்திருந்தார். அவள் எழுந்து ஜன்னலைச் சாத்தினாள். சாரல் மேசை மேல் அடித்துக்கொண்டிருந்தது. பிள்ளையின் புத்தகத்தை நகர்த்தி வைத்தாள். பிறகு, முன்பின் தெரியாதவர் வந்தால் கேட்கிற குரலில், "சாப்டீங்களா மாமா?" என்று கேட்டாள்.

"சாப்டேன்" என்றார்.

சாப்பிட்டிருக்கவில்லை. பையை எடுத்துக்கொண்டு மழையில் இறங்கினார்.